32 விதிகளும் ஒரு துவர்த்தும்

என் அக்கா மகனும் என் மகளும் போன வருடம் ஒரே கல்லூரியில், ஒரே பாடப்பிரிவில், ஒரே நாளில் சேர்ந்தார்கள். வயதில் என் மகள் 11 நாள் மூப்பு. மார்க்கிலும் அவளே மூப்பு. இந்த இரண்டு தகவலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இனிமேல் இவற்றுக்கு ஒரு வேலையும் இருக்கப் போவதில்லை.

அக்கா மகன் என்றால் எனக்கு மருமகன். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் மாமன் கண்ணை மூடினால் வயலும் தோப்பும் பெற்ற பிள்ளைக்குப் போகாது, மருமகனுக்குப் போகும். தேரூர்க்காரர் கவிமணி அந்தக் கூத்தை மான்மியமாகப் பாடி ஊரையே சிரிக்க வைத்தார். 1926-இல் சட்டம் வந்தது. சொத்து மெல்ல மெல்லப் பெற்ற பிள்ளைகள் பக்கம் திரும்பியது. நூறு வருடமாகிறது. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருக்கிற உலகம் மட்டும் இன்றைக்கும் மருமகனுக்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது, இரண்டு பிள்ளைகளையும் விடுதியில் கொண்டுபோய் விட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது.

மருமகனை ஆயத்தப்படுத்த அக்கா வீட்டில் அரை மணி நேரம் ஆனது. ஒரு டிராவல் பேக். நாலு ஜீன்ஸ், ஆறு டி-ஷர்ட், ஒரு கிரிக்கெட் மட்டை. துவர்த்தை, அதாவது துண்டை, மறந்துவிட்டான். "போற வழியில வாங்கிக்கிடலாம் லே" என்றார் அத்தான். பிறகு ஒரு 500 ரூபாய்த் தாளை நாலாக மடித்து அவன் கையில் திணித்தார். "நல்லா படி மக்ளே. அடிபிடிக்குப் போவாத." முடிந்தது. ஒரு ஆண்பிள்ளையை உலகத்துக்கு அனுப்பிவைக்கும் சடங்கு மொத்தமே அவ்வளவுதான்.

என் வீட்டில் மூன்று வாரம். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பட்டியல் போடாமல் அவளுக்குப் பல் தேய்க்க வராது. 61 உருப்படிகள். முதல் உருப்படி பூட்டு. பெட்டிக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, அறைக்கு ஒன்று. வடசேரி கனகமூலம் சந்தைப் பக்கம் ஒரு கடையில் மூன்று பூட்டு கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டே, "பொம்பளப் பிள்ளைய ஹாஸ்டல்ல விடப் போறியளோ?" என்றார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீரு ஓய்?"

"பையன விடப் போறவங்க பூட்டு வாங்கமாட்டாவ. பக்கெட்டு வாங்கிட்டுப் போயிருவாவ."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான்கு மாதம் கழித்தும் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

மீதி 60 உருப்படிகளையும் சொல்லி உங்களைப் படுத்தப் போவதில்லை. முன்பக்கம் மூடிய நைட்டி நாலு. நைட்டிக்கு மேல் போட துவர்த்து நாலு. சேஃப்டி பின் மூன்று அட்டை. தேங்காயெண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ. முந்திரிக்கொத்து, நார்த்தங்காய் ஊறுகாய், சம்மந்திப்பொடி. ஆரல்வாய்மொழி தாண்டினால் தமிழ்நாட்டில் மனிதர் சாப்பிடும் பொருள் எதுவும் கிடைக்காது என்பது நாஞ்சில் நாட்டு அம்மைமாரின் அசைக்கமுடியாத பூகோளம். கூடவே ஒரு பெப்பர் ஸ்பிரே. அதை மட்டும் என் மனைவி பட்டியலில் எழுதவில்லை, தனியாக ஒரு துணியில் சுற்றி அடியில் வைத்தாள்.

முந்திரிக்கொத்து பிடிக்க வந்த அம்மாவின் மகனும் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்தான். அரசு விடுதி. "என்னம்மா வாங்கிக் குடுத்திய?" என்று என் மனைவி கேட்டாள். "ஒரு போர்வ" என்றாள் அவள்.

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கும் கல்லூரிப் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு அரசு ஒதுக்குவது மாதம் 1,500 ரூபாய். அதுவும் 2023-இல் ஏற்றிய பிறகு, அதற்குமுன் 1,100. 30 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 50 ரூபாய். ஒரு வேளைக்கு 16 ரூபாய் 66 காசு. போகிற வழியில் நான் வாங்கிய தண்ணீர் போத்தலின் விலை அதைவிட ஒரு ரூபாய் சொச்சம்தான் குறைவு. எங்கள் வீட்டு சிப்ஸ் கிலோ 500 ரூபாய். அந்தப் பிள்ளையின் பத்து நாள் சோறு. 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். பலகை எழுதுகிறவருக்கு அன்று நல்ல கூலி கிடைத்திருக்கும், ஒரு வேளை 16 ரூபாய் 66 காசைவிடக் கூடுதலாக. நீதிக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது, குழம்புக்குத்தான் பருப்பு போதவில்லை. இதை எழுதுகிற நான் முந்திரிக்கொத்து டப்பாவைத் தூக்கிக் காரில் வைத்தேனே தவிர, அந்த அம்மாவின் கையில் ஒரு பொட்டலம் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாதி வழி தாண்டித்தான் நினைவு வந்தது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் சொந்தங்கள் வந்தார்கள். அக்கா வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. எல்லாரும் எங்கள் வீட்டுக்கு. மயினி வந்தாள், இரண்டு சித்திமார் வந்தார்கள். தோவாளையிலிருந்து ஒரு பெரியம்மை பிச்சிப்பூவோடு வந்து பூவைக் கொடுத்துவிட்டு, "அங்க போய்ப் பூ வச்சுக்கிட்டு நடக்காத, கண்ணு படும்" என்றாள். மொட்டை மாடியில் துணி காயப் போடாதே. ஜன்னல் பக்கம் நின்று போன் பேசாதே. ஆட்டோவில் தனியாக ஏறாதே. வாத்தியாரிடம் சிரித்துப் பேசாதே. கூடப் படிக்கும் பையனிடம் நோட்டு வாங்காதே. என் மகள் எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள். கடைசியில் பெரியம்மை, "பிள்ள, நமக்குப் பேருதான் முக்கியம், பாத்துக்க" என்று முடித்துவைத்தாள். உயிர் முக்கியம் என்றோ, படிப்பு முக்கியம் என்றோ வந்தவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. பேரு. அது அவளுடைய பேரும் இல்லை, எங்களுடையது. அதை அவள் ஒரு கண்ணாடிக் குப்பியில் சுமந்துகொண்டு நாலு வருடம் நடக்கவேண்டும்.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளைத் தாண்டி, மதுரையையும் தாண்டி வடக்கே இருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரி என்று வைத்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது.

ஆண்கள் விடுதியில் மருமகனுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அத்தான் வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். காவல்காரர் எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். பின்பக்கம் ஒரு வேப்பமரம், அதையொட்டி மதில் ஒரு ஆள் உயரத்துக்கு இடிந்து கிடந்தது. "கேட் ஒன்பதரைக்குப் பூட்டிருவோம் சார். அப்புறம் இதான் கேட். நம்ம பசங்க சாமர்த்தியசாலிங்க" என்றார். பெற்ற அப்பனைப்போலப் பூரித்துச் சொன்னார்.

பெண்கள் விடுதியில் நான்கு பக்கம். வார்டன் அம்மா கறாரானவர். பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். முதலில் கெட்டிலை எடுத்தார். இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். பிறகு துணியில் சுற்றிய பெப்பர் ஸ்பிரேயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆபத்தான பொருள். விடுதிக்குள்ள அனுமதி கிடையாது." மூன்று பூட்டுகளையும் பார்த்து மனநிறைவோடு தலையசைத்து உள்ளே வைத்தார்.

அடுத்தது போன் நம்பர். பிள்ளை வீட்டுக்கு வரவேண்டுமானால் பதிவு செய்த நம்பரிலிருந்து குறுஞ்செய்தி வரவேண்டும். என் மனைவி தன் நம்பரைச் சொன்னாள்.

"அப்பா நம்பர் சொல்லுங்க."

"நான் அம்மா."

"அம்மா நம்பர் செல்லாதுங்க. பிள்ளைங்க அம்மாகிட்டச் சொல்லிச் சமாளிச்சிருதுங்க."

என் மனைவி 20 வருடமாக வகுப்பாசிரியை. ஊரார் பிள்ளைகளின் நடத்தைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள். அவள் பெற்ற பிள்ளையைத் தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட அவள் கை செல்லாது. என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். நான் என் நம்பரைச் சொன்னேன். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடிய கேவலமான காரியம் அது ஒன்றுதான், அதைச் செவ்வனே செய்தேன்.

"ஆறு மணிக்கே கேட் பூட்டணுமாங்க? பையன்களுக்கு ஒன்பதரை வரைக்கும் இருக்கே" என்று என் மனைவி கேட்டாள். வார்டன் கோபப்படவில்லை. களைத்துப்போன குரலில் உண்மையைச் சொன்னார்: "நாங்களா கேக்கறோம் மேடம்? பேரண்ட்ஸ்தான் கேக்கறாங்க. போன வருஷம் ஏழு மணின்னு வச்சுப் பார்த்தோம். பதினஞ்சு பேரு பிள்ளைய வேற காலேஜுக்கு மாத்திட்டாங்க."

நான்கு பக்கத்திலும் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று இரவு திரும்பி வரும்போது, 8.50-க்கு மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஐந்து படங்கள். மருமகனிடம் கேட்டு வாங்கிய அவன் தாள் ஒன்று, அவளுடைய நான்கு பக்கம். கீழே ஒரு வரியும் எழுதவில்லை. நான் பதில் அனுப்பினேன். டிக் ஒன்றுதான் விழுந்தது. 9 மணிக்குப் போனை வார்டன் அறையில் ஒப்படைத்துவிட வேண்டுமாம்; அது விதி 19. கோவில்பட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அத்தனையையும் வாசித்தேன். ஆண்களுக்கு 9 விதி. பெண்களுக்கு 32.

விதி 23: ஞாயிறு காலை 10 முதல் 1 வரை வெளியே போகலாம், மூன்று பேராக. எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண் என்றால் ஒரு ஆள். வடக்கே போனால் மூன்று பெண் சேர்ந்தால்தான் ஒரு ஆள் போலிருக்கிறது.

விதி 14-இல் கொஞ்சம் நிற்கவேண்டும். அறையை விட்டு வெளியே வந்தால், சாப்பாட்டுக் கூடமே ஆனாலும், நைட்டிக்கு மேல் துப்பட்டாவோ துவர்த்தோ போட்டிருக்கவேண்டும். பெண்கள் மட்டும் தங்கும், பெண்களே சமைக்கும், பெண்களே பரிமாறும் கூடத்தில். யாருடைய கண்ணுக்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், எனக்கு வேறொன்று தோன்றியது.

தோள்சீலைக் கலகம் நடந்த மண் எங்களுடையது. 1820-களிலிருந்து 1859 வரை இந்த ஊர்ச் சந்தைகளிலும் தெருக்களிலும் நாடார் பெண்கள் மார்பையும் தோளையும் மறைத்து உடுத்தியதற்காக அடிபட்டார்கள். போட்ட ரவிக்கையைப் பிடுங்கிக் கிழித்தார்கள். என் முப்பாட்டனார் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 1859 ஜூலையில் திருவிதாங்கூரின் உத்திரம் திருநாள் மகாராஜா ஒருவழியாக அனுமதி கொடுத்தார். அந்த அனுமதிக்கும் ஒரு வால் இருந்தது: உடுத்தலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல மட்டும் உடுத்தக் கூடாது. விதி 15-இல் லெக்கிங்ஸ் கூடாது என்பதையும் இறுக்கமான உடை கூடாது என்பதையும் வாசித்தபோது, அந்த வால் இன்னும் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது. அன்றைக்குத் துணியைப் போடாதே என்று கிழித்தார்கள். இன்றைக்குப் போடு என்று பின் குத்தி அனுப்புகிறோம். இரண்டு காலத்திலும் அந்தத் தோள் எவளுடையதோ அவளைக் கேட்ட ஆளில்லை. முப்பாட்டனார் கிழித்தார், பேரன் நாலு துவர்த்தும் மூன்று அட்டை சேஃப்டி பின்னும் வாங்கினேன். குடும்பத் தொழிலை நாங்கள் விட்டுவிடவில்லை.

எங்கள் நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டிய வருடங்களில் லண்டன் மிஷன்காரர்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். நடத்தியவர் மார்த்தா மால்ட் அம்மை. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம். பள்ளிச் செலவுக்குக் காசில்லை. பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்த ரேந்தை விற்ற காசில் பள்ளி நடந்தது. திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை சட்டப்படி இருந்தது. ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தன்னைத் தானே மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு. விடுதி என்ற சொல்லுக்குள் 'விடு' இருப்பதன் பொருள் தெரிந்த பெண்கள். 200 வருடம் கழித்து, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்ற மாவட்டத்திலிருந்து, எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு தகப்பன், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய், பணமும் கட்டி, உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வருகிறான்.

பாதுகாப்புக்காக என்பீர்கள். விதி 32-உம் அதைத்தான் சொல்கிறது: 'மேற்கண்ட விதிகள் யாவும் மாணவியரின் பாதுகாப்பு கருதியே.' சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம்.

தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக ஒரு சட்டமே வரக் காரணமாக இருந்தது எது? 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் நாவரசுவின் கொலை. கொன்றது மூத்த மாணவர். நடந்த இடம் விடுதி அறை. ஆண்கள் விடுதி. அதன் பிறகுதான் 1997-இல் ராகிங் தடைச் சட்டம். 2024 பிப்ரவரியில் வயநாடு பூக்கோட்டில் கால்நடை மருத்துவம் படித்த மாணவர் ஒருவர் இறந்து கிடந்தார். சக மாணவர்கள் நாள்கணக்கில் துன்புறுத்தினார்கள் என்ற வழக்கு சிபிஐ வரை போனது. ஆண்கள் விடுதி. 2025 பிப்ரவரியில் கோட்டயம் அரசு செவிலியர் கல்லூரியில் முதலாண்டுப் பையன்களைக் கட்டிவைத்துக் காம்பஸ் முனையால் குத்தியதாக மூத்த மாணவர்கள் ஐந்து பேர் கைதானார்கள். அதுவும் ஆண்கள் விடுதி. எந்தக் கதையைக் கேட்டு நாம் குலைநடுங்குகிறோமோ அது நடப்பது ஒரு கட்டடத்தில், பூட்டு தொங்குவது இன்னொரு கட்டடத்தில். நோய் ஒருவனுக்கு, பத்தியம் அடுத்த வீட்டுக்காரிக்கு. அத்தான் "அடிபிடிக்குப் போவாத" என்று சொன்னாரே, அடித்தால் யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தாரா? இல்லை. அவனுக்கு ஒரு பூட்டுகூட நாங்கள் வாங்கவில்லையே. பையனை நாம் நம்புகிறோம் என்பதல்ல. அவன் அடி வாங்கினாலும் அடித்தாலும் நம் பேருக்கு ஒன்றும் வராது, அவ்வளவுதான்.

வெளியே ஆபத்து இல்லையா? இருக்கிறது. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டாள். அதுவும் மதிலுக்கு உள்ளேதான், வளாகத்தில். வெளியாள் ஒருவன் உள்ளே வந்து போக வழி இருந்தது. ஊர் கேட்ட முதல் கேள்வி அவன் எப்படி உள்ளே வந்தான் என்பதல்ல. அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை என்பது. அவள் கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அவள் விவரங்களோடு வெளியே கசிந்தது. அந்த அறிக்கை எழுதப்பட்ட தொனியையே சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, அவளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் 30 வருடத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. அவள் துணிந்து புகார் கொடுத்ததால்தான் இதில் ஒவ்வொன்றும் நடந்தது. எங்கள் வீட்டுக்கு வந்துபோன மயினியும் சித்திமாரும் என் மகளுக்குக் கொடுத்த அத்தனை அறிவுரையிலும், இப்படி ஒன்று நடந்தால் தயங்காமல் போய்ப் புகார் கொடு என்ற ஒரு வாக்கியம் கிடையாது. அந்த இடத்தில்தான் 'பேரு' உட்கார்ந்திருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் கேரளச் சொந்தக்காரர்கள் இந்த விஷயத்தில் நீதிமன்றம் வரை போனார்கள். 1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். ஆனால் விடுதிப் பூட்டுக்கு மொழிவாரி மாநிலம் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே சாவிதான். 2019-இல் கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் குறிப்பிட்ட நேரத்தில் போனைப் பறித்துவைக்கும் விதிக்கு அடங்க மாட்டேன் என்றாள். விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று தீர்ப்பெழுதி அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. விதி 19-ஐ எழுதியவர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் எட்டவில்லை. ஒன்பது மணிக்கு மேல் அவர்களும் போனை ஒப்படைத்துவிடுகிறார்களோ என்னவோ.

2022-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிப் பெண்கள், இரவு 9.30-க்குமேல் விடுதிக்குள் போகவர விதித்த தடையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். இரவு நெஞ்சுவலி வந்தவருக்கு ஊசி போடலாம், அந்த நேரத்தில் விடுதிக்குத் திரும்பி வரக் கூடாது! நீதிபதி தேவன் ராமச்சந்திரன், தொல்லை கொடுப்பது ஆண்கள் என்றால் அவர்களைப் பூட்டிவைக்கவேண்டியதுதானே என்ற பொருளில் கேட்டார். அந்த வருட டிசம்பரில் இருபாலருக்கும் ஒரே விதி என்று அரசாணை வந்தது. ஆனால் அந்த வழக்கின் மாணிக்கம் வேறொரு இடத்தில் இருக்கிறது. கேரளச் சுகாதாரப் பல்கலைக்கழகம் நீதிமன்றத்தில், மனிதருக்கு முதிர்ச்சி வருவது 25 வயதில்தான், 18 வயதில் கட்டற்ற சுதந்திரம் கொடுப்பது நல்லதல்ல என்று வாதிட்டது. மருத்துவம் படித்த பல்கலைக்கழகம் சொல்கிறது, தப்பாக இருக்காது. அப்படியானால் 18 வயதுப் பெண் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கலாம். சட்டப்படி அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாம். 20 வயதில் பிள்ளை பெற்றுத் தாயாகலாம். ஏழு மணிக்கு வெளியே போய் ஒரு டீ குடிக்க மட்டும் மூளை இன்னும் ஏழு வருடம் ஊறவேண்டும்.

கல்யாணம் என்றதும் நினைவு வருகிறது. விதி 27-இல் வீட்டுக்குப் போக விடுப்பு எடுக்கும் காரணங்கள் எழுதியிருக்கிறது. காய்ச்சல் என்றால் மருத்துவர் சீட்டு வேண்டும். பாட்டி இறந்தால் அப்பா நேரில் வரவேண்டும். பெண்பார்க்கும் சடங்கு என்றால் குறுஞ்செய்தி போதும்.

இப்போது எல்லாம் பொருந்தி வருகிறது, இல்லையா? விடுதி வாடகைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதம் உண்டு என்று 2023-இல் பெங்களூரில் ஒரு முன்தீர்ப்பு வந்து பெற்றோர் எல்லாரும் கொதித்தார்கள். 2024 ஜூனில் ஜிஎஸ்டி மன்றம், கல்லூரிக்கு வெளியே உள்ள விடுதிகளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை விலக்குக் கொடுத்தது. விடுதியில் கிடைப்பது சேவைதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் கொண்டுபோய் விடுவது சரக்கு என்பதில் நம் பெற்றோருக்கு ஐயம் இருந்ததே இல்லை. நாலு வருடம் கிடங்கில் இருக்கவேண்டும், உறை கிழியக் கூடாது, கறை படக் கூடாது, மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்கவேண்டும். கிடங்குக்காரர் பூட்டின் தரத்தைக் காட்டித்தான் வாடகை கேட்கிறார். பாடம் நடத்துகிறவர்களின் தகுதியை அந்தக் கல்லூரியில் நான் விசாரிக்கவில்லை. நூலகம் இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்கவில்லை. அது எட்டு மணி வரை என்று பிறகு தெரிந்தது. ஆறிலிருந்து எட்டு வரை அது ஆண்கள் நூலகம். பலகையில் அப்படி எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரத்தில் என் மருமகன் அங்கே போகிறானா என்று கேட்டுவிடாதீர்கள். அவன் வேப்பமரத்தடியில் இருக்கிறான்.

2015-இல் டெல்லிப் பெண்கள் 'பிஞ்ரா தோட்', கூட்டை உடை என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். ஜாமியா மில்லியா விடுதிப் பெண்கள் இரவு தாமதமாக வர இருந்த அனுமதியை எடுத்துவிட்டதிலிருந்து பிடித்த தீ. கோபக்காரப் பிள்ளைகள், வார்டனையும் பல்கலைக்கழகத்தையும் எதிர்த்து நின்றார்கள். நாங்கள் அதைச் செய்தியில் பார்த்து "டெல்லிப் பிள்ளைகளுக்கு வாய் ஜாஸ்தி" என்றோம். கூட்டைச் செய்தவன் தச்சன்தான். ஆனால் செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்தவன் யார் என்று அந்த வார்டன் அம்மா களைத்துப்போன குரலில் சொன்னாரே. ஏழு மணி என்று வைத்ததற்குப் பிள்ளையை மாற்றிக்கொண்டு போன பதினைந்து பேரும் ராட்சதர்கள் அல்ல. என்னைப்போல மூன்று பூட்டு வாங்கினவர்கள்.

தீபாவளிக்கு மகள் வந்தாள். என் நம்பரிலிருந்து குறுஞ்செய்தியை என் மனைவிதான் தட்டி அனுப்பினாள். போனை நான் பிடித்துக்கொண்டேன். மருமகன் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் முன்னமே வந்து நாகர்கோவில் செட்டிகுளத்தில் நின்றுகொண்டிருந்தான். மகள் வந்ததும் பெட்டியைத் திறந்து, நாலு துவர்த்தில் ஒன்றை எடுத்துக் கொடியில் போட்டாள். "இத அவங்கிட்ட குடுங்கப்பா. அவன் கொண்டுபோக மறந்துட்டாம்லா." வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். பிறகு நானே கேட்டேன், அன்று எதற்காக அந்த ஐந்து படத்தையும் அனுப்பினாள் என்று.

"நீங்க வாசிக்காம கையெழுத்துப் போட்டிய. வாசிக்கட்டும்னுதான்."

வருகிற ஜூனில் மகளை விடுதியில் சேர்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெண்ணின் விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது, ஆண்கள் விடுதி விண்ணப்பம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். காசு கேட்கமாட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த மேசையிலேயே, உங்கள் பெண் பார்க்க வாசியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். எந்த விதிக்குக் கையெழுத்துப் போட முடியாதோ அதைப் பேனாவால் அடித்துவிட்டுக் கொடுங்கள். இடத்தைக் கொடுக்க மறுத்தால், மறுப்பதை எழுத்தில் கேளுங்கள். அம்மாவின் நம்பரை முதலில் எழுதுங்கள்.

நான் இதில் எதையும் செய்யவில்லை. விதி 32-க்குக் கீழே இருப்பது என் கையெழுத்துதான்.